ஆய்வாளரம்மா மூடிப் பார்த்த கணக்கு

முப்பத்தோரு வருஷம் ஊரில் உள்ள தராசுகளையெல்லாம் சந்தேகப்படுவதற்காக அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஓய்வு பெற்ற அன்று கைகுலுக்கி, சம்பளத்தை நிறுத்தி, அலமாரிச் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சந்தேகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

பதவியின் பெயர் முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பது, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது, இல்லாவிட்டால் பறிமுதல் செய்து தூக்கிக்கொண்டு வருவது. சந்தையில் அவரை ஆய்வாளரம்மா என்றார்கள். அவர் முதுகு திரும்பியதும் வேறு பெயர்களும் சொன்னார்கள், அவை எழுதத் தக்கவை அல்ல. அவர் தெருமுனையில் தென்பட்டால் போதும், கடைகளில் திடீரென்று ஒரு சுத்தம் பிறக்கும். தட்டைத் துடைப்பார்கள். தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த மெழுகு உருண்டை யாருடைய சட்டைப் பைக்கோ குடிபெயரும்.

அந்த வேலையில் அவர் இரண்டு விஷயம் கற்றார். ஒன்று, சின்ன எடையில் எந்தத் தராசும் பொய் சொல்லாது. வாங்க வருகிறவன் கால் கிலோவில்தான் சோதித்துப் பார்ப்பான் என்று கடைக்காரனுக்குத் தெரியும். திருட்டு ஐந்து கிலோவுக்கு மேல்தான் ஆரம்பம். இன்னொன்று, இம்மியும் பிசகாத தராசைக் கண்டால் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். நம் வரவு அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. கெட்ட தராசைக் கெட்டது என்பதற்காகவும், நல்ல தராசை இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்பதற்காகவும் சந்தேகிக்கிற ஒருவருக்கு வேலையில் சலிப்பே வராது. கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், முழுச் சுமை ஏற்றிப் பார்க்காமலே முத்திரை குத்தச் சொல்கிற ஒரே இடம் அதுதான் என்று சொல்லியிருக்கிறார்.

அறுபத்து மூன்று வயதில் அவர் மாடியில் இரண்டு அறைகளில் இருந்தார். கீழே தங்கையும் தங்கையின் கணவரும். தங்கை டோப்பா கட்டுகிறவள். வாசலறை முழுக்க மரத்தலைகள். மெல்லிய வலைத்துணியை மரத்தலையில் மாட்டி, கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட்டு ஒரு டோப்பாவை முடிக்க அவளுக்கு இரண்டு வாரம் ஆகும். ஆக, ஒரே வீட்டில் அக்கா பொய்யைக் கண்டுபிடித்துப் பிழைத்தவர். தங்கை பொய்யைப் பிறர் தலையில் ஏற்றிப் பிழைக்கிறவள். யாரையும் நம்பிவிடுகிற தங்கை வாழ்க்கையில் இரண்டு முறை ஏமாந்திருக்கிறாள். யாரையும் நம்பாத அக்கா மூன்று முறை. இந்தக் கணக்கை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

வெளிநாட்டு நாடகக்காரர்கள் தங்கைக்குத் தரும் பணம் ஒரு பெரிய இணையப் பட்டுவாடா நிறுவனம் வழியாக வந்துகொண்டிருந்தது. உலகத்தில் பாதிப்பேர் வைத்திருக்கும் கணக்கு. ஒரு நாள் காலையில் பார்த்தால் அது மூடிக் கிடந்தது. பில்லில் அவள் ‘மனிதத் தலைமுடி, இரண்டு கிலோ’ என்று எழுதியிருந்தாள். எந்திரம் அதைப் படித்துவிட்டு, இங்கே மனித உறுப்பு வியாபாரம் நடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டது. மூன்று முறை எழுதிக் கேட்டாள். மூன்று முறையும் ஒரே பதில், ஒரு கமா கூட மாறாமல் வந்தது.

அதே வாரத்தில்தான் அவள் வாழ்நாளின் பெரிய வேலையும் வந்தது. தூரதேசத்து நாடகக் கம்பெனி ஒன்றுக்குப் பன்னிரண்டு நரைத்த டோப்பாக்கள். கம்பெனியின் உடையறை மேலாளர் எழுதியிருந்தாள்: முன்பணம் தயார்; எங்கள் கணக்காண்டு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது; அதற்குள் அதை உனக்கு அனுப்ப முடியாவிட்டால் வேலையைத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிடுவோம்; எங்கள் கணக்குப் பிரிவு பயன்படுத்துவது இந்த மூன்று சேவைகள்தான், எதில் உனக்குக் கணக்கு இருந்தாலும் சரி. முன்பணம் வராமல் தங்கையால் நரைமுடி வாங்க முடியாது. நல்ல நரைமுடி கறுப்பைவிட விலை கூட. தலையில் இருக்கக் கூடாது என்று மனிதர்கள் நினைக்கும் பொருளுக்கு, தலையை விட்டு இறங்கியதும் அப்படி ஒரு கிராக்கி.

“மூணு கம்பெனி பேரையும் நான் கேள்விப்பட்டதே இல்ல. நீ பாத்துச் சொல்லு,” என்றாள் தங்கை. “உனக்குத்தான் யாரையும் நம்ப வராதே.”

“ஏன் வராது? ஆதாரம் இருந்தா வரும்.”

“அதை என்கிட்ட கேளுங்க,” என்றார் தங்கையின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பெண் பார்க்க வந்த மறுநாள், அவருடைய சம்பளச் சீட்டு உண்மைதானா என்று ஆய்வாளரம்மா அவருடைய ஆபீசுக்கே போய்க் கேட்டிருந்தார். “இருபத்தி ரெண்டு வருஷமாச்சு. இன்னும் எனக்கு முத்திரை விழல.”

“உங்க மேல புகார் எதுவும் இல்ல மாப்பிள்ளை. சோதனை நடந்துக்கிட்டு இருக்கு,” என்றார் ஆய்வாளரம்மா.

மூன்று நிறுவனங்களின் பெயர்களும் வாயில் நுழையாததால், அவற்றின் அடையாளச் சின்னத்தின் நிறத்தை வைத்துப் பச்சை, ஊதா, சாம்பல் என்று கூப்பிட்டார்கள். சோதனை முழுக்கத் தங்கையின் பெயரில், தங்கையின் அடையாள அட்டையில், தங்கையின் கம்ப்யூட்டரில்தான் நடந்தது. ஆய்வாளரம்மா தன் அடையாள அட்டையின் நகலை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. பார்சல் வந்தால் உறையிலிருந்து முகவரியைக் கிழித்தெடுத்த பிறகுதான் குப்பையில் போடுவார். அவருடைய போன் நம்பர் தெரிந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் ஒருவரைப் பற்றி அவருக்கு இன்னும் யோசனை இருந்தது.

பச்சைக்கு இணையதளம் அழகோ அழகு. சிரித்த முகங்கள், பெரிய எழுத்து, கட்டணமே கிடையாது என்ற அறிவிப்பு. ஆய்வாளரம்மாவுக்கு அங்கேயே நெற்றி சுருங்கியது. “கட்டணம் இல்லைன்னா இவன் எதைத் தின்னு உயிர் வாழறான்?” உதவி எண்ணுக்குக் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை கூப்பிட்டு, ஒரே கேள்வியைக் கேட்டார்: இன்றைய மாற்று விகிதம் என்ன? மூன்று பேர் மூன்று விகிதம் சொன்னார்கள், மூன்றும் தேன் சொட்டும் குரலில். பிறகு தங்கையின் வங்கியிலிருந்து கொஞ்சம் பணம் உள்ளே போட்டு வெளியே எடுத்தார். ஐந்து நிமிடத்தில் வந்தது. “கால் கிலோவில சரியாத்தான் நிக்கும்,” என்று சொல்லிக்கொண்டே பெரிய தொகையைப் போட்டார். உள்ளே போக ஐந்து நிமிடம். வெளியே எடுக்கப் போனபோதுதான் ஒரு சின்னப் பெட்டி திறந்தது: இந்த அளவுக்குமேல் எடுக்க உயர்நிலைச் சரிபார்ப்பு தேவை, அதற்கு இவ்வளவு கட்டணம். கட்டணம் கிடையாது என்ற அறிவிப்பு மேலே அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. பணத்தை மீட்க நான்கு நாள் ஆனது.

“வாசல்ல யாரும் தடுக்க மாட்டான். திரும்பி வர்ற வழியைத்தான் பாக்கணும்,” என்றார் தங்கையிடம்.

ஊதாவுக்கு அவ்வளவு நேரம் செலவாகவில்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் உரிம எண் போட்டிருந்தான். நிதிக் கண்காணிப்பு அலுவலகத்தின் பொதுப் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடினார். எண் உண்மையானது. ஆனால் அது வேறொரு கம்பெனியுடையது, அந்தக் கம்பெனி கடையைச் சாத்தி ஆறு வருஷம் ஆகிறது. செத்தவன் முத்திரையைப் பெயர்த்துத் தன் தராசில் ஒட்டிக்கொள்வது அவருக்குப் பழக்கமான வேலைதான். ஏறக்குறைய பாசத்தோடு அந்தப் பக்கத்தை மூடினார்.

மிச்சம் சாம்பல்.

சாம்பல் பார்க்க அசிங்கமாக இருந்தது. முதல் வரியிலேயே கட்டணம் போட்டிருந்தது, அதுவும் அதிகம். உதவிக்கு எழுதினால் இரண்டு வேலை நாள் கழித்துப் பதில் வரும். விதி எண், உட்பிரிவு எண்ணோடு, ஒரு அன்பான சொல் இல்லாமல் வரும். பதிவேட்டில் உரிமம் அதன் பெயரிலேயே இருந்தது. சின்னத் தொகை போட்டார், எடுத்தார். பெரிய தொகை போட்டார், எடுத்தார். தட்டின் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றிக் கல்லை வைத்துப் பார்ப்பதுபோல, விடுமுறை நாளில் ஒரு முறை, வங்கிக் கணக்கின் பெயரில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றி ஒரு முறை. பெயர் பொருந்தவில்லை என்று சாம்பல் திருப்பி அனுப்பியது. கட்டணம் ஒவ்வொரு முறையும் சொன்ன அளவு, ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரு குறையும் அகப்படாததால் அவருக்குத் தூக்கம் கெட்டது.

“முடிஞ்சுதா?” என்று தங்கை ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு பாக்கி.”

தராசுச் சோதனையில் கடைசிப் படி ஒன்று உண்டு. எல்லாக் கற்களையும் இறக்கிவிட்டு, வெறும் தட்டோடு முள் சுழிக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பாவிட்டால் மற்ற சோதனை எதுவும் செல்லாது. திங்கட்கிழமை காலை, தங்கை முடித்த டோப்பா ஒன்றைக் கொடுக்க வெளியே போயிருந்த நேரம், ஆய்வாளரம்மா கணக்கை மூடும் பொத்தானை அழுத்தினார். உறுதியா என்று சாம்பல் மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் உறுதி என்றார். இரண்டு மணி நேரத்தில் மிச்சப் பணம் கடைசிக் காசு வரை வங்கிக்கு வந்து சேர்ந்தது; ஒரு கடிதமும் வந்தது. முப்பத்தோரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாகச் சுழிக்குத் திரும்பிய எதையும் அவர் பார்த்ததில்லை.

தங்கை வந்ததும், “எடுத்துக்கோ. இதுதான் கம்பெனி,” என்று திரையைத் திருப்பிக் காட்டினார்.

தங்கை கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். கடைசி வரியை மறுபடி படித்தாள். மூடிய கணக்கின் உரிமையாளர் அதே அடையாள அட்டையைக் கொண்டு பன்னிரண்டு மாதங்களுக்குப் புதுக் கணக்கு தொடங்க இயலாது.

“அக்கா, நல்ல கம்பெனின்னு தெரிஞ்சுக்கறதுக்காக நல்ல கம்பெனியை இல்லாம பண்ணிட்டியே.”

“அப்படி ஒரு விதி இருக்கும்னு நான்…”

“எல்லாத்தையும் படிச்சியே. இதைப் படிக்கலையா?”

மற்றதையெல்லாம் படித்திருந்தார். மூடிய பிறகு என்ன ஆகும் என்ற பகுதி, மூடப் போகிறவர்களுக்கு என்று நினைத்துத் தள்ளிவிட்டிருந்தார். தான் சோதிக்கிறவர் மட்டும்தான் என்ற எண்ணம் அவருக்கு.

தங்கை கத்தவில்லை. ஒரு மரத்தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதில் கட்ட எதுவும் இல்லாமல், வெறும் ஊசியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க ஆய்வாளரம்மாவால் முடியவில்லை.

சாயங்காலம் வந்த கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் காலணியைக் கழற்றினார். “நானும் தினமும் லிஃப்ட்டை சோதிக்கறேன்கா. கம்பி ஸ்ட்ராங்கான்னு பாக்க அறுத்துப் பாக்கறதில்ல.”

“உங்க பேர்ல தொடங்கலாமே மாப்பிள்ளை.”

“என் அட்டை புதுப்பிக்கப் போய் மூணு வாரம் ஆச்சு. எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியாது.” அவர் மாடிப்படியைப் பார்த்தார். தங்கையும் பார்த்தாள். அந்த வீட்டில் மூன்றாவதாக ஓர் அடையாள அட்டை இருந்தது, மாடியில், பூட்டிய பெட்டியில், நகல் எடுக்கப்படாமல்.

அன்று இரவு அவர் சாம்பலின் விதிகளை, இந்தமுறை மூடுகிறவர்களுக்கான பகுதி உட்பட, முழுவதும் படித்தார். வேறொருவருடைய பணத்தைத் தன் கணக்கில் வாங்குவது குற்றம் என்று பதினோராம் விதி சொன்னது. சரியான விதி, அவரே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார். ஆகவே பொய் சொல்லாமல் பணம் வாங்க ஒரே வழி, அவர் டோப்பாத் தொழிலில் பங்குதாரராவது.

“எவ்வளவு பங்கு போடறது?” என்று மறுநாள் பதிவு அலுவலகத்தில் தங்கை கேட்டாள்.

“நூத்துல ஒண்ணு. அதுக்கு மேல போட்டா எனக்கே என் மேல சந்தேகம் வரும்.”

பாரத்தில் கையெழுத்துப் போட்டார். பொய் முடியில் நூற்றில் ஒரு பங்கு அவருக்கு வந்தது. வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, அட்டையைக் கம்ப்யூட்டரின் கேமராவுக்கு நேரே பிடித்தார். படம் எடுக்கும் சத்தம் கேட்டபோது பல்லைப் பிடுங்கியதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை சாம்பலிலிருந்து ஓர் அதிகாரி திரையில் வந்தாள். முப்பது வயது இருக்கும். கண்ணாடி, இறுக்கிக் கட்டிய தலை, பின்னால் வெறும் சுவர். வணக்கம் சொன்னாள். சிரிக்கவில்லை.

“மேடம், இதே கம்ப்யூட்டர்ல இருந்து ஒரே வாரத்துல பதினாலு தடவை பணம் உள்ள வந்து வெளிய போயிருக்கு. அப்புறம் அந்தக் கணக்கையே மூடியிருக்காங்க. அடுத்த நாள் அதே கம்ப்யூட்டர்ல உங்க பேர்ல இன்னொரு கணக்கு கேக்கறீங்க. ஏன்?”

“நீங்க ஒழுங்கானவங்களான்னு பாத்தேன்.”

“அதுக்குப் பதினாலு தடவையா?”

“எட்டாவது தடவையே தெரிஞ்சு போச்சு. மீதி ஆறு, தெரிஞ்சது சரிதானான்னு பாக்க.”

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டாள். “திருட்டுப் பணத்தை ஓட்டறவங்க இதையேதான் செய்வாங்க மேடம். சின்னதா போட்டுப் பாப்பாங்க, எடுத்துப் பாப்பாங்க, பெருசா போடுவாங்க, மூடிட்டு வேற பேர்ல வருவாங்க. சாதாரண ஆளுங்க யாரும் இவ்வளவு கவனமா இருக்கறதில்ல.”

நல்லவன் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க மாட்டான் என்று எத்தனை கடைக்காரர்களிடம் ஆய்வாளரம்மாவே சொல்லியிருக்கிறார். அவர்களில் எத்தனை பேர் வெறுமனே ஜாக்கிரதைக்காரர்கள் என்ற கேள்வி முதல் தடவையாக எழுந்தது. அதற்கு அது நேரமில்லை.

“உங்க பங்கு நூத்துல ஒண்ணு,” என்றாள் அதிகாரி. “ஆனா மொத்தப் பணமும் உங்க கணக்குக்கு வருது. மீதி தொண்ணூத்தொம்போது உங்க தங்கச்சிக்குப் போய்ச் சேரும்னு நான் எதை வச்சு எடுத்துக்கறது?”

ஆய்வாளரம்மா யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே எந்த ஆதாரமும் இல்லை.

ஓரமாக உட்கார்ந்திருந்த தங்கை கேமராவுக்குள் தலையை நீட்டினாள். “நான் நம்பறேங்க.”

“நீங்க நம்பறது எனக்கு ஆதாரம் இல்ல மேடம்.”

ஆய்வாளரம்மா தலையாட்டினார். தங்கள் பிழைப்பைக் கெடுக்கக்கூடிய பதில்தான். ஆனால் சரியான பதில். “இப்படிப் பண்ணுங்க,” என்றார், பழைய அலுவலகக் குரலில். “இந்தக் கணக்குல வர்ற பணம் இவளோட வங்கிக்கு மட்டும்தான் போகணும்னு பூட்டிடுங்க. என்னோடதுக்குப் போக வழியே இருக்கக் கூடாது. என் ஒரு பங்கை அவகிட்ட கையில வாங்கிக்கறேன்.”

அதிகாரி முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்தாள். “அதை நான் கேக்கறதா இருந்தேன்.”

“முதல்லயே கேட்டிருக்கணும்.”

“முடிவு ரெண்டு வேலை நாள்ல வரும்,” என்றாள் அதிகாரி. திரை அணைந்தது.

“ஏன்டி, என்னை நம்பறேன்னு அப்படிச் சட்டுனு சொன்ன?” என்றார் ஆய்வாளரம்மா. “எதை வச்சு?”

“அக்கான்னு.”

“அதெல்லாம் ஒரு ஆதாரமா?”

“இல்லதான்,” என்றாள் தங்கை. “வேற என்ன பண்ணச் சொல்ற?”

இரண்டு வேலை நாள் என்றால் வெள்ளிக்கிழமை. வியாழன் முழுவதும் அவர் மாடியிலிருந்து கீழே இறங்கி, கம்ப்யூட்டரைப் பார்த்து, மேலே ஏறினார். கடைவாசலில் கைகட்டி நின்று, முத்திரை விழுமா விழாதா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கால்வலி எப்படி இருந்திருக்கும் என்று அன்று கொஞ்சம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குப் பதில் வந்தது. கணக்கு அனுமதிக்கப்படுகிறது, பணம் தங்கையின் வங்கிக்கு மட்டும், பில்லில் உள்ள தொகைக்கு மேல் வராது, ஆறு மாதம் கண்காணிப்பு. தங்கை உடனே உடையறை மேலாளருக்கு எழுதினாள். நான்கு இருபதுக்கு முன்பணம் வந்தது, கட்டணம் போக, சொன்ன அளவுக்குச் சரியாக. ஐந்து மணிக்கு அது தங்கையின் வங்கியில் இருந்தது. அவள் நரைமுடி வியாபாரியைப் போனில் கூப்பிட்டு விலை பேச ஆரம்பித்தாள். அவன் எடையில் ஏமாற்றக் கூடியவன் என்று ஆய்வாளரம்மா பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டு டோப்பாக்களும் போய்ச் சேர ஆறு மாதம் ஆனது. மீதிப் பணமும் சாம்பல் வழியாகத்தான் வந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பக்கத்தின் தலைப்பில் ஒரு வரி நிற்கும்: இந்தக் கணக்கு கண்காணிப்பில் உள்ளது. தங்கையின் கணவர் அதைப் படித்துவிட்டு, “நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நிலைமைதான்கா,” என்பார். ஆய்வாளரம்மாவுக்கு அந்த வரி உறுத்தவில்லை. யாரோ பொறுப்பாக வேலை பார்க்கிறார்கள் என்ற நிம்மதியே இருந்தது.

ஆறு மாதம் முடிந்த மறுநாள் அந்த வரி காணவில்லை. யாரும் கூப்பிடவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு காகிதம் கேட்கவில்லை. நாள் முடிந்தது, வரியை எடுத்துவிட்டார்கள். ஆய்வாளரம்மா உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார்: என்னைக் கண்காணிப்பிலிருந்து எந்தச் சோதனையின் அடிப்படையில் விடுவித்தீர்கள் என்பதைத் தெரிவிக்கவும். இரண்டு வேலை நாளில் பதில் வந்தது. காலம் முடிந்ததாலும், புகார் எதுவும் வராததாலும்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். புகார் வராதவனெல்லாம் நல்லவன் என்று நினைக்கிற ஒரு நிறுவனத்தில் தங்கையின் பணத்தை விட்டு வைப்பது சரியா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறார்.